2013 ஆபர்ன் எஸ்.இ.சி சீசன்: லக்கா, ரன்னிங் கேமா? (விவாத இழை)

#1 நாலாவது_டவுன்
அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல நவம்பர் கடைசி வாரம் வந்தா போதும், கிக் சிக்ஸ் (2013-ல அலபாமா உதைச்சு தூரம் பத்தாத பந்த பிடிச்சு, கடைசி செகண்ட்ல ஆபர்ன் ஓடி ஜெயிச்ச பிளே) வீடியோவ எவனாவது தூக்கிட்டு வந்துடுவான், கீழ வரிசையா "செம லக்கு"ன்னு கமெண்ட். பாத்தாலே கடுப்பாகுது. ஒரே ஒரு ஓட்டத்த வச்சு ஒரு முழு சீசனையே லாட்டரி டிக்கெட் ஆக்கி வச்சிருக்கானுங்க.

முந்தின வருஷம் என்ன நிலைமைன்னு ஞாபகம் இருக்கா? 2012-ல ஆபர்ன் 3-9 (மூணு வெற்றி, ஒம்பது தோல்வி). எஸ்.இ.சி-ல ஆடுனது 8 மேட்ச், எட்டுலயும் அடி. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 63-21, ஜார்ஜியா 38-0, கடைசில அலபாமா 49-0. ஜீன் சிசிக் 2010-ல நேஷனல் டைட்டில் வாங்கிக் குடுத்த கோச், ரெண்டே வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த 2010 டீமுக்கு அஃபென்ஸ் பாத்துக்கிட்ட கஸ் மால்சான் அப்ப ஆர்கன்சா ஸ்டேட்ல ஹெட் கோச், அவர திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. குவாட்டர்பேக் (பாஸ் போட்டு அஃபென்ஸ நடத்துற ஆள்) யாருன்னா நிக் மார்ஷல், ஜார்ஜியால கார்னர்பேக்கா (பாஸ் பிடிக்கறவன மார்க் பண்ற டிஃபென்ஸ் ஆள்) இருந்து அங்கேருந்து வெளிய வந்து, கான்சஸ்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஆடிட்டு வந்த பையன். இத வச்சு எஸ்.இ.சி சாம்பியன், நேஷனல் ஃபைனல்ல 13 செகண்ட் மிச்சம் இருக்கறப்ப கோட்டை விட்டது. 12-2.

லக் இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த டீம் ஒரு மேட்சுக்கு சராசரியா 328 யார்டு தரைவழியா ஓடுச்சு, நாட்டுலயே நம்பர் 1. எதிராளி என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சே நிறுத்த முடியாம நின்னான். லக் வர்ற எடத்துக்கு மேட்ச இழுத்துட்டுப் போனது அந்த ஓட்டம்தான். இதான் என் கட்சி, வந்து அடிச்சுக்கோங்க.

#2 எண்_கணக்கன்
அண்ணே வந்துட்டேன். ஸ்கோர மட்டும் பாருங்க. வாஷிங்டன் ஸ்டேட் 31-24, மிசிசிபி ஸ்டேட் 24-20, ஓலே மிஸ் 30-22, ஏ அண்ட் எம் 45-41, ஜார்ஜியா 43-38, அலபாமா 34-28. நேஷனல் ஃபைனலுக்கு முன்னாடி எட்டு பாயிண்டுக்குள்ள முடிஞ்சது இந்த ஆறு, ஆறுலயும் ஜெயிச்சிருக்காங்க. இந்த மாதிரி நெருக்கமான மேட்ச் எல்லாத்தையும் ஒருத்தன் ஜெயிச்சான்னா அதுல பாதி திறமை பாதி காசு சுண்டுறது. அடுத்த வருஷம் அதே மால்சான் அதே மார்ஷல், ரெக்கார்டு 8-5. ஏ அண்ட் எம் கிட்ட சொந்த கிரவுண்டுலயே 41-38 தோல்வி, கடைசி நேரத்துல பந்த நழுவ விட்டு. காசு அந்தப் பக்கம் விழுந்துச்சு, அவ்ளோதான்.

#3 டைட்_பக்தன்
அலபாமா ஃபேன் ஒருத்தன் இருக்கேன்னு தெரிஞ்சே இந்த இழைய ஆரம்பிச்சிருக்கீங்க போல 😑

நேரா சொல்றேன். அன்னிக்கு நாங்க தோத்தது எங்க கிக்கர் கிட்ட. கேட் ஃபாஸ்டர் மூணு ஃபீல்டு கோல்ல (போஸ்டுக்கு நடுவுல பந்த உதைக்கறது, 3 பாயிண்டு) ஒண்ணும் போகல, ரெண்டு மிஸ், ஒண்ணு பிளாக். 28-21 லீடுல இருக்கறப்ப நாலாவது டவுன் (பத்து யார்டு எடுக்க நாலு முயற்சி, அதுல கடைசி), ஒரே யார்டு வேணும், ஃபீல்டு கோல் அடிச்சிருந்தா மேட்ச் முடிஞ்சிருக்கும், கிக்கர் மேல நம்பிக்கை போனதால எங்க ரன்னிங் பேக் (பந்த வாங்கி ஓடுற ஆள்) யெல்டன் கையில பந்த குடுத்து ஓடவிட்டாங்க, அங்கயே அமுக்கிட்டானுங்க. அப்புறம் 57 யார்டு அடிக்க கிரிஃபித்னு சின்னப் பையன கொண்டு வந்தாங்க. மீதி உலகத்துக்கே தெரியும்.

#4 புதுசா_வந்தவன்
குறுக்க கேக்கறதுக்கு மன்னிக்கணும், நான் இப்பதான் இந்த கேம் பாக்கறேன். கோல் மிஸ் ஆனா பந்து டெட் ஆகாதா? அவன் எப்படி எடுத்துட்டு ஓடுனான்? அப்புறம் எஸ்.இ.சி-ன்னா என்ன, லீக்கா?

#5 நாலாவது_டவுன்
தம்பி, எஸ்.இ.சி-ன்னா சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், தெற்கு மாநில யூனிவர்சிட்டிங்க சேந்து ஆடுற கூட்டமைப்பு. அப்ப 14 டீம், ஈஸ்ட் வெஸ்ட்னு ரெண்டு டிவிஷன், ஆளுக்கு 8 கான்ஃபரன்ஸ் மேட்ச். டிவிஷன் ஜெயிச்ச ரெண்டு பேரும் டிசம்பர்ல அட்லாண்டால மோதணும். ஆபர்ன், அலபாமா ரெண்டும் ஒரே மாநிலம், ஒரே வெஸ்ட் டிவிஷன், அதான் வில்லங்கமே. 2013 அயர்ன் பவுலுக்கு (ஆபர்ன், அலபாமா வருஷா வருஷம் மோதுற மேட்ச்) வர்றப்ப அலபாமா 11-0, ரேங்க் 1, 2011 2012 ரெண்டு வருஷமும் நேஷனல் சாம்பியன். ஆபர்ன் 10-1, ரேங்க் 4. ஜெயிக்கறவன் அட்லாண்டா போவான்.

ஃபீல்டு கோல் தூரம் பத்தாம பந்து கிரவுண்டுக்குள்ளயே கீழ வந்துச்சுன்னா டிஃபென்ஸ் பிடிச்சு ஓடலாம். போஸ்ட தாண்டி வெளிய போச்சுன்னாதான் டெட். 57 யார்டு ரொம்ப தூரம், குறைய நிறைய வாய்ப்பு இருக்கு, அதனால ஒரு ஆள பின்னாடி எண்ட் ஸோன்ல (கோல் கோட்டுக்கு அந்தப் பக்கம், டச்டவுன் எடுக்கற எடம்) நிறுத்தி வைப்பாங்க. இங்கதான் ஒரு விஷயம் யாரும் பேசறதில்ல. முதல்ல அங்க நின்னது வேற பிளேயர், ரயான் ஸ்மித். மால்சான் டைம்அவுட் எடுத்துட்டு அவர மாத்தி கிரிஸ் டேவிஸ அனுப்புனார். டேவிஸ் அந்த டீமோட பண்ட் ரிட்டர்னர் (எதிர் டீம் உதைச்சு விடற பந்த பிடிச்சு ஓடுற ஆள்), மூணு வாரத்துக்கு முன்னாடிதான் டென்னசி கிட்ட பண்ட் பிடிச்சு டச்டவுன் வரைக்கும் ஓடியிருந்தார். இத லக்குன்னு எப்படிய்யா சொல்றது.

#6 டைட்_பக்தன்
அந்த ஒரு செகண்ட எங்க கோச் சபான்தான் சண்டை போட்டு வாங்குனார்ங்கறதையும் சொல்லுங்க. கிளாக் 0:00 காட்டிடுச்சு, யெல்டன் கோட்ட தாண்டி வெளிய போனப்ப ஒரு செகண்ட் மிச்சம் இருந்துச்சுன்னு ரிவியூ பண்ணி திருப்பிக் குடுத்தாங்க. கேக்காம இருந்திருந்தா 28-28, ஓவர்டைம். இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

#7 டூமர்ஸ்_கார்னர்_வாசி
நான் அப்ப ஆபர்ன்ல எம்.எஸ் படிச்சிட்டு இருந்தேன். ஸ்டேடியத்துல ஸ்டூடண்ட் செக்ஷன். உண்மைய சொல்லணும்னா பந்து எழும்புனப்ப நான் கோல் போஸ்டதான் பாத்துட்டு இருந்தேன், குறையுதுன்னு தெரிஞ்சதும் பக்கத்துல இருந்தவன் தோள பிடிச்சு குலுக்கி "ஓவர்டைம் ஓவர்டைம்"னு கத்திட்டு இருக்கேன், அவன் என் முகத்த பிடிச்சு கிரவுண்டு பக்கம் திருப்புறான், அதுக்குள்ள டேவிஸ் பாதி கிரவுண்ட தாண்டி இடது ஓரத்துல போயிட்டு இருக்கார். மத்ததெல்லாம் டிவில பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரே சத்தம், செடி வேலி எல்லாம் தாண்டிக் குதிச்சு கூட்டம் உள்ள, எங்க பாத்தாலும் ஆரஞ்சு நீலம்.

ராத்திரி டூமர்ஸ் கார்னர்ல டாய்லெட் பேப்பர் வீசுறது அங்க வழக்கம், ஜெயிச்சா மரத்து மேல வீசுவாங்க. அந்த ஓக் மரங்களுக்கு ஒரு அலபாமா வெறியன் 2010 அயர்ன் பவுல் முடிஞ்சதும் விஷம் ஊத்திட்டான், ஊத்துனத அவனே ரேடியோவுக்கு போன் போட்டு பெருமையா சொன்னான். காப்பாத்த முடியாம 2013 ஏப்ரல்ல வெட்டிட்டாங்க. அதனால அந்த சீசன் பூரா மரத்துக்கு பதிலா கம்பி கட்டி விட்டிருந்தாங்க, அதுலதான் வீசுனோம். எங்க அபார்ட்மெண்ட் பாத்ரூம் ஸ்டாக் மொத்தமும் காலி. மறுநாள் காலைல ஞாயித்துக்கிழமை, நாலு பேர் ரூம்மேட், ஒரு ரோல் கூட இல்ல, நம்ம ஊர் பழக்கம்தான் கை குடுத்துச்சு 😂

#8 புதுசா_வந்தவன்
😂😂 ஆனா டேவிஸ ஏன் யாராலயும் பிடிக்க முடியல?

#9 நாலாவது_டவுன்
ஃபீல்டு கோல் அடிக்கறப்ப உள்ள நிக்கறது பெரும்பாலும் லைன்மேன், முன்னூறு பவுண்டு ஆளுங்க, கிக்கர பாதுகாக்க நிக்க வச்சவங்க. அவங்கள திடீர்னு துரத்தச் சொன்னா பந்தில மூணாவது ரவுண்டு பாயசம் முடிச்சவன பஸ் பிடிக்க ஓடச் சொன்ன கதைதான். டேவிஸுக்கு முன்னாடி ஆபர்ன் பசங்க பிளாக் பண்ணிக்கிட்டே போனாங்க. எண்ட் ஸோன்ல உள்ளார இருந்து 109 யார்டு ஓடுனார், ரெக்கார்டு புக்ல 100-தான் எழுதுவாங்க.

சரி இப்ப என் பாயிண்டுக்கு வர்றேன். எல்லாரும் கடைசி ஒரு செகண்டயே பேசறீங்க. அதுக்கு முன்னாடி 32 செகண்ட் இருக்கறப்ப ஸ்கோர் எப்படி 28-28 ஆச்சு? அந்த டிரைவ் சொந்தப் பக்கம் 35 யார்டுல ஆரம்பிச்சுது. ஆபர்ன் ரன்னிங் பேக் ட்ரே மேசன் கையில பந்து, திரும்ப மேசன், திரும்ப மேசன். நேரம் ஓடிட்டிருக்கு, பாஸே போடல, எங்க பக்கத்து சோஃபால எல்லாரும் கத்துறாங்க பாஸ் போடுடான்னு. அப்புறம் மார்ஷல் பந்த வச்சுக்கிட்டு இடது பக்கம் தானே ஓடுற மாதிரி போறார். பாஸ் பிடிக்கற சேமி கோட்ஸ மார்க் பண்ண வேண்டிய கார்னர்பேக் "இவன் ஓடப்போறான்"னு மேல ஏறி வந்துட்டார். மார்ஷல் கோட்டுக்கிட்ட வந்து லேசா தூக்கிப் போட்டார், கோட்ஸ் பக்கத்துல ஈ காக்கா இல்ல, 39 யார்டு டச்டவுன்.

அந்த கார்னர்பேக்க நான் குத்தம் சொல்ல மாட்டேன். அன்னிக்கு ஆபர்ன் 296 யார்டு ஓடியிருந்தாங்க, அலபாமா மாதிரி டிஃபென்ஸ் மேல. சாயங்காலம் பூரா அடிவாங்குனவன் அடுத்ததும் அதே அடிதான்னு நெனைப்பான். அந்த பாஸுக்கு விலை முழுக்க மேசனோட கால்ல குடுத்தாச்சு.

#10 டைட்_பக்தன்
அந்த பிளேல உங்க லைன்மேன் எவ்ளோ தூரம் முன்னாடி போயிட்டாங்கன்னு வீடியோவ நிறுத்திப் பாருங்க. காலேஜ் ரூல்ல பாஸ் போடறப்ப லைன்மேன் மூணு யார்டுக்கு மேல போகக்கூடாது. ரெஃப்ரீ கண்ணுல அது படல.

#11 நாலாவது_டவுன்
அதுக்கு அந்த ரூல தான் திட்டணும். மூணு யார்டு சலுகை இருக்கறவரைக்கும் எல்லா கோச்சும் அத கடைசி இஞ்சு வரைக்கும் யூஸ் பண்ணுவான். அது ஒரு பிளேக்கு மட்டும் வச்ச ஏற்பாடு இல்ல, சீசன் பூரா இதே வேலைதான்.

புதுசா வந்த தம்பிக்காக: மார்ஷல் பந்த மேசன் வயித்துல வச்சுக்கிட்டே எதிர் டீமோட ஓரத்து ஆள பாப்பார், அந்த ஆள வேணும்னே யாரும் பிளாக் பண்ண மாட்டாங்க. அவன் மேசன் மேல பாய்ஞ்சா மார்ஷல் பந்த உருவிக்கிட்டு வெளிப்பக்கம் ஓடுவார். அவன் வெளிய நின்னுட்டா மேசன் உள்ள பூந்துடுவார். ஒருத்தன பிளாக் பண்ணாம விட்டதால ஒரு பிளாக்கர் மிச்சம், அந்த மிச்சத்துக்கு ஜே ப்ராஷ்னு ஒரு ஃபுல்பேக், வீடியோல அவர மட்டும் பாருங்க, எவனையாவது தூக்கி எறிஞ்சிட்டே இருப்பார். இடது டேக்கிள் கிரெக் ராபின்சன், அடுத்த என்.எஃப்.எல் டிராஃப்ட்ல (புரோ லீக் டீமுங்க காலேஜ் பிளேயர்கள எடுக்கறது) ரெண்டாவது ஆளா போனவர். இதுல ஹடில் (பிளேக்கு முன்னாடி கூடிப் பேசறது) கிடையாது, பிளே முடிஞ்ச உடனே அடுத்தது, எதிராளி ஆள் மாத்தவே நேரம் இருக்காது. நாலாவது குவாட்டர்ல டிஃபென்ஸ்காரன் இடுப்புல கை வச்சு நின்னா அவ்ளோதான்.

#12 எண்_கணக்கன்
ஓட்டம் ஓட்டம்னு சொல்றீங்களே, மிசிசிபி ஸ்டேட் மேட்ச்? அது பாஸ்ல ஜெயிச்சது. மார்ஷல் 339 யார்டு போட்டார், கடைசி டிரைவ்ல 10 செகண்ட் இருக்கறப்ப உசோமாவுக்கு டச்டவுன் பாஸ். கான்ஃபரன்ஸ் முதல் மேட்ச், அது தோத்திருந்தா அடுத்து எல்.எஸ்.யூ-லயும் (லூசியானா ஸ்டேட்) அடி, 0-2. அப்புறம் என்ன சீசன். ஜார்ஜியா மேட்ச் பத்தி நான் சொல்லவே வேணாம்.

#13 வடக்கு_ஸ்டாண்ட்
ஜார்ஜியா மேட்ச நான் சொல்றேன், நான் ஜார்ஜியாக்காரன்.

நாலாவது குவாட்டர்ல 37-17 பின்னாடி இருந்தோம். எங்க குவாட்டர்பேக் ஆரன் மர்ரே ஒத்த ஆளா இழுத்துட்டு வந்தார், 1:49 இருக்கறப்ப தானே ஓடி டச்டவுன், 38-37 எங்க லீடு. ஆபர்னுக்கு நாலாவது டவுன், 18 யார்டு வேணும், சொந்தப் பக்கம் 27-ல நிக்கறாங்க. மார்ஷல் கண்ண மூடிக்கிட்டு தூக்கிப் போட்ட மாதிரி ஒரு பாஸ். எங்க சேஃப்டி (கடைசி வரிசை டிஃபென்ஸ் ஆள்) ரெண்டு பேர் அங்க இருந்தாங்க, ரெண்டு பேரும் எம்புறாங்க, சும்மா தட்டி கீழ தள்ளிட்டா மேட்ச் எங்களுது. மேல தட்டி விட்டுட்டாங்க. அது ஆபர்னோட ரிக்கார்டோ லூயிஸ் தோளுக்கு மேல வந்து விழுது, அவர் திரும்பி தேடிப் பிடிச்சு அப்படியே உள்ள போயிட்டார். 73 யார்டு. 25 செகண்ட். போட்டவன் யாரு? எங்க டீம்லயே இருந்த பையன். 

இதுக்கு மேல ரன்னிங் கேம், சிஸ்டம்னு யாராவது வந்தா நான் ஃபோன வச்சிடுவேன்.

#14 நாலாவது_டவுன்
வடக்கு ஸ்டாண்ட் அண்ணே, அந்த பாஸ் லக்குதான், அதுல ஒரு வாக்குவாதமும் கிடையாது. மூணு தலைமுறைக்கு ஒருதரம் நடக்கறது. ஆனா 37-17 லீட் எடுத்தது எதுனால? எங்க டிஃபென்ஸ் பாஸ் கவர் பண்ணத் தெரியாத டிஃபென்ஸ், அதுதான் அந்த டீமோட ஓட்டை, சீசன் பூரா இருந்த ஓட்டை. அஃபென்ஸ் ஓடி ஓடி சேத்து வைக்கும், செகண்டரி (பாஸ தடுக்கற பின்வரிசை) அத திருப்பிக் குடுத்துட்டு நிக்கும், கடைசி நிமிஷத்துல யாராவது காப்பாத்தணும். டீ ஃபோர்டு இல்லன்னா அந்த ஜார்ஜியா மேட்சே திரும்ப கைவிட்டுப் போயிருக்கும், கடைசி பிளேல மர்ரேவ அடிச்சு பாஸ கெடுத்தது அவர்தான்.

எண்கணக்கன் தம்பிக்கு: மிசிசிபி ஸ்டேட் மேட்ச் செப்டம்பர், மார்ஷல் அப்ப வந்து கொஞ்ச நாள்தான். எனக்கு சீசன் ஆரம்பிச்ச எடம் அடுத்த வாரம் எல்.எஸ்.யூ-வோட ஊர் பேட்டன் ரூஜ், மழை, எல்.எஸ்.யூ 21-0 ஹாஃப்டைம்ல. அவங்க ரன்னிங் பேக் ஜெரமி ஹில் எங்கள மிதிச்சிட்டுப் போனார். ஸ்கோர் 35-21-னு முடிஞ்சுது, ரெண்டாவது பாதில மேசன் உள்ள உள்ள பூந்து எடுத்த யார்டு பாத்தீங்கன்னா தெரியும், இவங்களுக்கு தாங்க யாருன்னு அங்கதான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் கான்ஃபரன்ஸ்ல ஒரு தோல்வி கிடையாது. 7-1.

#15 டூமர்ஸ்_கார்னர்_வாசி
எல்.எஸ்.யூ மேட்ச் முடிஞ்சப்ப எங்க லேப்ல ஒரு சீனியர், அந்த ஊர்க்காரர், "இந்த வருஷம் ஒரு ஆறு ஜெயிச்சா சாமிக்கு நன்றி"ன்னார். முந்தின வருஷம் 0-8 பாத்த ஊர்ல அதுக்கு மேல எவனுக்கும் ஆசையே இல்ல. அக்டோபர்ல காலேஜ் ஸ்டேஷன் போயி ஏ அண்ட் எம்ம அடிச்சப்பதான் ஊரே நிமிந்து உக்காந்துச்சு. அவங்க குவாட்டர்பேக் மேன்சியல் முந்தின வருஷம் ஹைஸ்மன் (சிறந்த காலேஜ் பிளேயர் விருது) வாங்கினவர், ஏ அண்ட் எம் ரேங்க் 7, நாங்க 24. 1:19 இருக்கறப்ப மேசன் ஓடி 45-41.

டென்னசி மேட்ச் யாரும் சொல்லல. 55-23. மார்ஷல் ஒரே ஆளா 214 யார்டு ஓடுனார், பாஸ் கம்ப்ளீட் ஆனது மூணே மூணு. 2013-ல மூணு பாஸ்ல 55 பாயிண்டு. என்னத்த சொல்ல.

#16 எண்_கணக்கன்
சரி, மிசோரி மேட்ச்ச நானே சொல்லிடறேன், உங்க பக்கம் இருக்கற பெஸ்ட் ஆதாரம் அதான், ஏன் அயர்ன் பவுலையே கட்டிக்கிட்டு அழறீங்கன்னு புரியல. டிசம்பர் 7, ஜார்ஜியா டோம். மிசோரி 11-1, எஸ்.இ.சி-க்கு வந்து ரெண்டாவது வருஷத்துலயே ஈஸ்ட் ஜெயிச்சு வந்தவங்க. 59-42. ஆபர்ன் தரைவழியா மட்டும் 545 யார்டு. மேசன் 46 தரம் பந்த வாங்கி 304 யார்டு, 4 டச்டவுன். 46 தரம்! முன்னூறு பவுண்டுக்காரனுங்க மேல மோதிக்கிட்டே. போ ஜாக்சன் 1985-ல வச்ச ஆபர்ன் சீசன் ரெக்கார்டையும் மேசன் அந்த வருஷம் தாண்டிட்டார், மொத்தம் 1,816.

ஆனா அதே ராத்திரி ஓஹையோ ஸ்டேட் மிச்சிகன் ஸ்டேட் கிட்ட 34-24 தோத்தாத்தான் ஆபர்ன் ஃபைனல் போக முடிஞ்சுது, அப்ப நேஷனல் ஃபைனலுக்கு டீம் எடுத்த பி.சி.எஸ்-ல ரெண்டு டீமுக்குத்தான் எடம். அதையும் உங்க ஃபுல்பேக்தான் பிளாக் பண்ணாரா?

#17 நாலாவது_டவுன்
😂 ப்ராஷ் நெனச்சா பண்ணுவார்.

12-1 எஸ்.இ.சி சாம்பியன், அந்தக் காலத்துல அந்த கான்ஃபரன்ஸ் தொடர்ந்து ஏழு நேஷனல் டைட்டில் வச்சிருந்துச்சு. அந்த எடத்துல நிக்க வேண்டியது நம்ம வேலை, முன்னாடி இருக்கறவன் தோக்கறது அவன் வேலை.

#18 வடக்கு_ஸ்டாண்ட்
பசடீனால நடந்த நேஷனல் ஃபைனல் பத்தி யாருமே பேச மாட்டேங்கறீங்க. 21-3 லீட்ல இருந்தீங்க.

#19 டூமர்ஸ்_கார்னர்_வாசி
பேசலாம், நான் ரெடி. 2014 ஜனவரி 6, ரோஸ் பவுல். ஃப்ளோரிடா ஸ்டேட் சொந்தப் பக்கத்துல இருந்தே ஒரு ஃபேக் பண்ட் (உதைக்கற மாதிரி ஏமாத்திட்டு ஓடுறது) அடிச்சாங்க, காத்து அங்கயே திரும்பிடுச்சு. அப்புறம் நாலாவது குவாட்டர்ல அவங்க விட்ஃபீல்டு கிக்ஆஃப் பிடிச்சு 100 யார்டு. மேசன் 37 யார்டு ஓடி 31-27 ஆக்கினப்ப 1:19 இருந்துச்சு. அது போதும் அவங்க குவாட்டர்பேக் வின்ஸ்டனுக்கு. அன்னிக்கு அவருக்கு இருபதாவது பர்த்டே வேற. எண்ட் ஸோன் பக்கத்துல மூணாவது டவுன், பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பாஸ் பிடிக்க விடாம தடுத்த ஃபவுல்) கொடி, யார் மேல தெரியுமா, கிரிஸ் டேவிஸ் மேல. பந்து ரெண்டு யார்டுக்கு வந்துடுச்சு, அடுத்து கெல்வின் பெஞ்சமின், ஆறடி அஞ்சு அங்குலம், எட்டி எடுத்துட்டார். 34-31.

டேவிஸ யாரும் ஊர்ல ஒரு வார்த்தை சொல்லல. சொல்ல விட்டிருக்கவும் மாட்டோம்.

#20 எண்_கணக்கன்
அதான் நான் முன்னாடி கணக்குல சேக்காத ஏழாவது நெருக்க மேட்ச். ஆறு ஜெயிச்சு ஒண்ணு தோத்தது. செகண்டரி மோசம்னா அது முன்னாடியே தோக்க வச்சிருக்கணுமே, ஏன் ஜனவரில போய் வைக்குது? காசு.

#21 நாலாவது_டவுன்
ஏன்னா ஜனவரி வரைக்கும் எவன்கிட்டயும் வின்ஸ்டன் இல்ல. 2014-ல 8-5 ஆனதுக்கும் காசு காரணமில்ல தம்பி, மேசன், ராபின்சன், ப்ராஷ், டீ ஃபோர்டு நாலு பேரும் என்.எஃப்.எல் போயிட்டாங்க. ஓட்டத்த ஓட வச்சவங்க மூணு பேரும் குவாட்டர்பேக்க அடிச்சு செகண்டரிய காப்பாத்துனவர் ஒருத்தரும் கிளம்பிட்டா மிச்சம் என்ன இருக்கும், ஓட்டைதான் இருக்கும்.

#22 எண்_கணக்கன்
இது நல்ல பாயிண்டு. முழுசா ஏத்துக்கல. ஆனா நல்ல பாயிண்டு.

#23 புதுசா_வந்தவன்
அண்ணா எல்லாருக்கும் தேங்க்ஸ். ஒரே ஒரு மேட்ச் முழுசா பாக்கறதுன்னா எத பாக்கட்டும்? அயர்ன் பவுலா?

#24 நாலாவது_டவுன்
கிக் சிக்ஸ் நீ எப்படியும் பாத்திருப்ப. மிசோரி மேட்ச் பாரு. பந்த பாக்காத, மார்ஷல் கையில பந்து இருக்கற அந்த அர செகண்ட்ல ஓரத்து ஆள் எந்தப் பக்கம் போறான்னு மட்டும் பாரு, ரெண்டாவது குவாட்டருக்குள்ள உனக்கே பிளே முன்கூட்டி தெரிய ஆரம்பிச்சிடும். அப்புறம் ஏ அண்ட் எம். அயர்ன் பவுல கடைசில பாரு, அதுவும் முதல் குவாட்டர்லருந்து.

#25 டைட்_பக்தன்
2014 அயர்ன் பவுலையும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க தம்பி. 55-44. எங்க கிரவுண்டு.